கோஸ் பாத்திக்குக் கொசுவலை: இலைக்கும் வலைக்கும் நாலு விரல் இடைவெளி

கோத்தகிரி பக்கம் வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் போடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "வலை போட்டும் புழு வந்துடுச்சு." எங்கள் பாத்தியிலும் அப்படித்தான் வந்தது. காரணம் தெரிந்து சரி செய்த பிறகு, பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போகாமலே கோஸ் அறுக்கிறோம். அந்த முறையை முழுதாக எழுதுகிறேன். நாற்று விடுவது, உரம் வைப்பதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்

பகலில் வருவது வெள்ளைப் பட்டாம்பூச்சி. இறக்கை நுனி கறுத்திருக்கும், நடுவில் கறுப்புப் புள்ளி இருக்கும். கடுகுக் குடும்பத்துச் செடிகளுக்கே உரிய காரச்சத்துதான் அதற்கு அடையாளம். இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிச் சுவை பார்த்து, இது நம் செடிதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும். மஞ்சள் நிறத்தில், நட்டு வைத்த குட்டிப் புட்டி மாதிரி ஒவ்வொன்றாக நிற்கும். புழு இலை நிறத்திலேயே நடுநரம்பை ஒட்டிப் படுத்திருப்பதால் கண்ணுக்குச் சிக்காது. குருத்துக்குள் பச்சை உருண்டைகளாகக் கிடக்கும் எச்சம்தான் முதலில் தெரியும்.

சாயங்காலத்துக்கு மேல் வருவது வைரமுதுகு அந்துப்பூச்சி. விரல் நகத்தைவிடச் சிறியது. இறக்கையை மடக்கி உட்காரும்போது முதுகில் மூன்று வைரக்கட்டங்கள் தெரியும். இதன் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி ஜன்னல் போட்ட மாதிரி இருக்கும். தொட்டால் துள்ளிப் பின்வாங்கி நூலில் தொங்கும். பல மருந்துகளுக்கு அசராத பூச்சி இது. அதனால் வலையைப் பட்டாம்பூச்சி அளவுக்கு வாங்காமல் இதன் அளவுக்கு வாங்குங்கள்.

தோட்டத்தில் பறக்கும் எல்லா வெள்ளைப் பட்டாம்பூச்சியும் எதிரி இல்லை. கொன்றை மரத்தைச் சுற்றி வரும் வெளிர்பச்சை, வெளிர்மஞ்சள் பூச்சிகள் கோஸைத் திரும்பியும் பார்க்காது. மட்டையால் அடிக்காதீர்கள்.

எந்த வலை

வெள்ளைக் கொசுவலைதான் என் தேர்வு. மருந்து ஊறவைத்த ரகம் வேண்டாம், சாதா நைலான் போதும். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் பசுமைக்குடில்காரர்கள் போடும் 40 மெஷ் (ஒரு இஞ்சுக்கு 40 கண்) பூச்சி வலை இன்னும் நன்றாக உழைக்கும். பறவை வலையின் கண் வழியாக அந்துப்பூச்சி சுலபமாகப் போய்வரும். பச்சை நிழல்வலை வேண்டவே வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் செடி நெடுநெடுவென்று வளருமே தவிர, காய் கட்டாது.

நாற்றைப் பார்த்து நடுங்கள்

வலைக்குள் புழு வந்ததற்கு முதல் காரணம் நாற்றுதான். நர்சரிக் குழித்தட்டில் இருக்கும்போதே முட்டை ஒட்டியிருந்தால், நாமே அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதாகிவிடும். ஒவ்வொரு நாற்றையும் திருப்பி, இலையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டு நடுங்கள். பழைய பயிரின் கட்டை, காய்ந்த இலை எதுவும் பாத்தியில் இருக்கக்கூடாது, கூட்டுப்புழு அதில்தான் ஒட்டியிருக்கும். நட்ட அன்றே வலையும் ஏற வேண்டும். "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றால் அந்த ஒரு சாயங்காலமே பூச்சிக்குப் போதும்.

வளைவும் இடைவெளியும்

இரண்டாவது காரணம், வலை இலைமேல் படுவது. பட்டாம்பூச்சி உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை. இலை வலையில் ஒட்டியிருந்தால் வெளியே உட்கார்ந்தபடியே வயிற்றின் நுனியை வலைக்கண் வழியே அழுத்தி முட்டையை வைத்துவிடும். நடும்போது நாற்று உள்ளங்கை அளவுதான் என்பதால் இடம் தாராளமாகத் தெரியும். காய் கட்டும் பருவத்தில் வெளி இலைகள் விரிந்து பக்கவாட்டில் வலையை முட்டும். அதனால் வளர்ந்த செடியை மனதில் வைத்து இப்போதே அளவெடுங்கள். அன்றைக்கும் இலைக்கும் வலைக்கும் நடுவே நாலு விரலாவது இருக்க வேண்டும்.

என் கணக்கு இது: பாத்தி அகலம் 4 அடி, நீளம் 8 அடி. இரண்டே வரிசை. ஓரத்திலிருந்து ஒன்றேகால் அடி உள்ளே தள்ளி ஒவ்வொரு வரிசை, நடுவில் ஒன்றரை அடி. மூன்றாவது வரிசைக்கு இடம் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்.

அரை இஞ்சு பிவிசி பைப்பை 8 அடித் துண்டுகளாக நாலு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் அரை அடி மண்ணுக்குள் போக, வளைத்தால் நடுவில் 2 அடிக்குக் கொஞ்சம் மேல் உயரம் கிடைக்கும். இரு கோடியிலும் ஒவ்வொன்று, மீதி இரண்டையும் சம இடைவெளியில். மூங்கிலும் ஆகும், ஆனால் சிம்பு வலையைக் கிழிக்கும், எனக்குப் பைப்தான் பிடிக்கும்.

அடுத்ததை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வளைவுகளின் உச்சி வழியாக ஒரு நைலான் கயிறும், இருபுறத் தோளிலும் ஒவ்வொரு கயிறும் இழுத்து, கோடிகளில் முளையடித்து இறுக்கிக் கட்டுங்கள். எங்கள் ஊர் மழையிலும் பனியிலும் வலை நனைந்து, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே தொய்ந்து இலைமேல் படுத்துவிடும். வெயில் வந்ததும் காய்ந்து மேலேறிவிடுவதால் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. கயிறு இருந்தால் தொய்வு இல்லை.

வலை அகலம் 9 அடி, நீளம் 15 அடி வெட்டினால் சுற்றிலும் தரையில் ஓரடி மடிப்பு கிடைக்கும். மூன்று பக்கம் மடிப்பை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். நாலாவது நீளப் பக்கம்தான் கதவு. அதன் விளிம்பை ஒரு ரீப்பர் கட்டையில் சுருட்டி ஆணியடித்து, கட்டையைத் தரையோடு படுக்கவையுங்கள். களை எடுக்க வேண்டுமென்றால் கட்டையைத் தூக்கினால் போதும். துணி கிளிப் வேண்டாம், காற்றுக்குக் கழன்றுவிடும்.

வாரம் ஒருமுறை

வலையைத் திறந்து நாலைந்து செடிகளில் அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றிரண்டு புழு என்றால் கையால் எடுத்தாலே தீர்ந்தது. அதற்கு மேல் இருந்தால் பி.டி. என்ற பாக்டீரியா மருந்து, குர்ஸ்டாகி ரகம். பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், பொட்டலத்தில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். கோஸ் இலையின் மெழுகில் தண்ணீர் நிற்காமல் உருண்டோடிவிடும், அதனால் ஒட்டும் திரவம் சில சொட்டு சேர்க்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும், எனவே சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கத்தில். புழு இதைத் தின்றால்தான் வேலை செய்யும். சில மணி நேரத்தில் தீனி நின்று, இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். காய் மூடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், உள்ளே போன புழுவுக்கு எந்த மருந்தும் எட்டாது. பக்கத்துக் கறிவேப்பிலை, எலுமிச்சை மேல் தெறிக்காமல் பாருங்கள். அங்கே வளரும் அழகான பட்டாம்பூச்சிப் புழுக்களையும் இது கொன்றுவிடும்.

பிறகு சேர்த்தது

மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், வலைக்குள் அசுவினி (சாறு உறிஞ்சும் செடிப்பேன்) மொய்க்கிறது என்று எழுதியிருந்தார். உண்மைதான். அதைத் தின்னும் பொறிவண்டும் உள்ளே வர முடியாதே! காலையில் வலையைத் திறந்து இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. சமவெளியில் ஐப்பசிக்கு முன் கோஸ் போட வேண்டாம், சூட்டில் காய் சரியாகக் கட்டாது.

கடுகைப் பொறிப்பயிராக, அதாவது பூச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பயிராகப் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். 25 வரிசை கோஸுக்கு இருபுறமும் கடுகு என்பது பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வயலுக்குச் சொன்ன முறை, நல்ல முறை. வீட்டில் இரண்டு பாத்திக்குப் போட்டுவிட்டுக் கவனிக்காமல் இருந்தால், அந்தக் கடுகே பூச்சிக்குத் தொட்டிலாகிவிடும். தினமும் பார்க்க முடிகிறவர்கள் மட்டும் போடுங்கள்.

வலை மூடியிருந்தால் மகரந்தச்சேர்க்கை எப்படி என்பது இன்னொரு கேள்வி. நாம் சாப்பிடுவது கோஸின் இலையையும் காலிபிளவரின் மொட்டையும், நூல்கோலில் தண்டையும்தான். எதற்கும் தேனீ தேவையில்லை, அறுக்கும் நாள்வரை வலை இருக்கலாம். முள்ளங்கியிலோ கடுகிலோ விதை எடுக்க நினைத்தால் மட்டும், பூ விட்டதும் அந்தச் செடிகளுக்கு வலையை எடுத்துவிடுங்கள்.