குளிப்பாட்டும் வேளையில் தொடங்கும் பாடம்

பிறந்த குழந்தையை நீட்டிய கால்களின்மேல் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் பாட்டிமார்களின் கைப்பக்குவத்தை நம் வீடுகள் இன்றும் மதிக்கின்றன. தன் உடல் தனக்கே உரியது, அதைத் தொடத் தன் சம்மதம் வேண்டும் என்று குழந்தை கற்கும் முதல் பாடம் அந்தக் குளியலில்தான் தொடங்குகிறது. அங்கே முதலில் விட வேண்டிய பழக்கங்கள் இரண்டு உண்டு. தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களால் ஆண், பெண் இரு குழந்தைகளுக்குமே மார்பு சற்று வீங்கி ஓரிரு சொட்டுப் பால் கசிவது இயல்பு. அது தானே வற்றிவிடும், மார்பைப் பிதுக்கி எடுக்கக் கூடாது, பிதுக்கினால் சீழ் பிடிக்கக்கூடும். ஆண் குழந்தையின் முன்தோலும் வளர வளரத் தானாகவே தளரும் என்பதால், அதை வலிந்து பின்னுக்கு இழுத்துக் கழுவக் கூடாது. வலியால் குழந்தை வீறிட்டு அழும்போதும் "சும்மா அழுகிறான்" என்று சொல்லித் தொடர்வது, அழுகைக்கு மதிப்பில்லை என்று அதற்குக் கற்பிப்பதாகும்.

ஈரத்துணியை மாற்றும்போது "இப்போது உன்னைத் துடைக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் துடையுங்கள், தூக்குவதற்கு முன் கைகளை நீட்டி, "தூக்கட்டுமா?" என்று கேட்டு ஒரு நொடி பொறுங்கள். மூன்று மாதக் குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சொற்கள் புரியாவிட்டாலும், முகத்தைத் திருப்பிக்கொள்வது, உடலை விறைப்பது, கைகளை நீட்டுவது ஆகிய குறிப்புகளால் அது விடை சொல்லத் தொடங்கிவிடுகிறது. என் அனுபவத்தில் இந்தப் பயிற்சி குழந்தையைவிடப் பெற்றோருக்கே அதிகம் தேவைப்படுகிறது. உடலைப் பற்றிக் கூச்சமின்றிப் பேச நம்மில் பலருடைய நாக்கு பழகியதே இல்லை என்பதால், திருப்பிக் கேள்வி கேட்காத அந்த முதல் ஆண்டு ஒத்திகைக்கு மிகவும் ஏற்றது.

ஒன்றரை, இரண்டு வயதில் "மூக்கு எங்கே, காது எங்கே" என்று விளையாடும்போது, நாம் தொப்புளிலிருந்து நேரே முழங்காலுக்குத் தாவிவிடுகிறோம். இடையில் இருப்பவற்றுக்கும் பெயர் சொல்லுங்கள். தமிழில் இதில் ஓர் உண்மையான இடர்ப்பாடு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: நூல்களில் உள்ள சொற்கள் வாயில் வராது, தெருவில் புழங்கும் சொற்களோ வசைச் சொற்கள். ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு, பின்புறம் என்ற சொற்களே போதுமானவை. வீட்டுக்கென்று ஒரு செல்லச் சொல் இருப்பதில் தவறில்லை, ஆனால் வெளியாருக்கும் புரியும் சொல்லையும் குழந்தை அறிந்திருக்க வேண்டும். தன் உறுப்பை "பிஸ்கட்" என்று மட்டுமே அறிந்த குழந்தை, யாரோ பிஸ்கட்டைத் தொட்டார்கள் என்று ஆசிரியையிடம் சொன்னால், அவர் வேறொரு பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுவார். அம்மணமாக ஓடும் குழந்தையைப் பார்த்து "ஷேம் ஷேம்" என்பதையும், "காக்கா தூக்கிக்கொண்டு போய்விடும்" என்று மிரட்டுவதையும் நிறுத்திவிட்டு, சட்டை போட்டுக்கொள்ள அழைத்தாலே போதும்.

மிகக் கடினமான பகுதி உறவினர்களோடு தொடர்புடையது. "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு", "கொடுத்தால்தான் சாக்லேட்" என்பவை அன்பினால் சொல்லப்படுபவைதான். எனினும் பெரியவர் கேட்டால் உடலைக் கொடுத்தாக வேண்டும், அதற்குப் பரிசும் கிடைக்கும் என்ற கணக்கையே அவை மனத்தில் பதிக்கின்றன. முத்தமா, கைகுலுக்கலா, வணக்கமா என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். வணக்கம் சொல்லும் பிள்ளையை யாரும் மரியாதை தெரியாதது என்று சொல்ல முடியாது. மனம் சுளிக்கும் பெரியவரிடம், "இப்போது கூச்சப்படுகிறாள் சித்தப்பா, பழகினதும் அவளே வருவாள்" என்று பெற்றோர்தான் சொல்ல வேண்டும், அந்தச் சுமையைக் குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது. கிச்சுகிச்சு மூட்டும்போது சிரித்துக்கொண்டே "வேண்டாம்" என்று சொன்னாலும் கையை உடனே எடுத்துவிடுங்கள். அதே குழந்தை தங்கையின் முடியைப் பிடித்து இழுக்கும்போது, "அவள் வேண்டாம் என்கிறாள், விடு" என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு இந்தப் பாதி பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்க முடியாது. தடுப்பூசி, பல் துலக்குதல், சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்தல் ஆகியவற்றில் "வேண்டாம்" செல்லாது. அங்கே பொய்யாகக் கேட்காமல், "ஊசி போட்டாக வேண்டும், கொஞ்சம் வலிக்கும், எந்தக் கையில் போடலாம்?" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, இருக்கும் சிறு தேர்வைக் கொடுங்கள்.

மூன்று வயதுக்கு மேல் உள்ளாடை மறைக்கும் இடங்கள் தனக்கே உரியவை என்பதையும், சுத்தம் செய்ய உதவும் பெற்றோரும், பெற்றோர் அருகில் இருக்கும்போது பரிசோதிக்கும் மருத்துவரும் தவிர வேறு யாரும் அங்கே தொடத் தேவையில்லை என்பதையும் சொல்லலாம். அந்த வயதில் குழந்தை தன் உறுப்பைத் தொட்டுப் பார்ப்பது இயல்பே. அடிக்காமல், அது தனிமைக்குரியது என்று மட்டும் சொல்லுங்கள். "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்ற பாகுபாட்டை மட்டும் நம்புவது போதாது, ஏனெனில் தவறான தொடுதல் எப்போதும் வலிப்பதில்லை. அது விளையாட்டாகவும் பரிசோடும் வரலாம். ஆகவே உணர்ச்சியை அளவுகோலாக வைக்காமல் ஒரு விதியைக் கொடுங்கள்: உடலைப் பற்றிய எதையும் இரகசியமாக வைத்திருக்கும்படி எந்தப் பெரியவரும் சொல்லக் கூடாது, சொன்னால் அம்மாவிடமோ அப்பாவிடமோ அன்றே சொல்லிவிட வேண்டும். அந்நியரைப் பற்றி மட்டும் எச்சரிப்பதும் பயன் தராது. இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள்.

எட்டு வயதிலேயே சில பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றங்கள் தொடங்கிவிடுவதால், மாதவிடாயைப் பற்றிய பேச்சை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மாற்றங்களையும் மாதவிடாயையும் சேர்த்தே சொல்லலாம். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும் முன், தன் உடலில் நிகழ்ந்ததை ஊருக்குச் சொல்ல விருப்பமா என்று மகளிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கும் இதே கேள்வி பொருந்தும்.

யாரோ தவறாகத் தொட்டதாகக் குழந்தை ஒரு நாள் சொன்னால், முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள், திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள்; "சொன்னது நல்லது, இதில் உன் தவறு எதுவும் இல்லை" என்பதே முதல் விடையாக இருக்கட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். உறவுக்காரர் என்பதற்காகக் குடும்பத்துக்குள் பேசி முடிக்க அதில் இடமில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, பெற்றோரோ அது நம்பும் ஒருவரோ உடனிருக்க, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும், அப்போதும் குழந்தை நம்பும் ஒருவர் அருகில் இருக்கலாம். மருத்துவர் ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறார் என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிட்டுச் செய்யும்படி நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.