காயலான் கடைக்குப் போகவிருந்த கம்ப்யூட்டரில் சிஎன்சி ஓட்டுவது

கம்ப்யூட்டர் சொல்கிறபடி மோட்டார்களை நகர்த்தி மரம், அக்ரிலிக் எல்லாம் வெட்டுகிற மெஷின்தான் சிஎன்சி. அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி என்ற சாஃப்ட்வேரை வைத்து ஓட்டுவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிரிண்டர் மாட்டுவோமே, 25 துளை போட்ட நீள சாக்கெட், பெரும்பாலும் கருஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும், அந்த பேரலல் போர்ட் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இல்லையென்றால் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் பேரலல் போர்ட் கார்டு வாங்கலாம். யுஎஸ்பியில் மாட்டுகிற பிரிண்டர் கேபிள் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பிரிண்டரோடு மட்டும்தான் பேசும். நான் அதை வாங்கி, லேப்டாப்பில் மாட்டி, இரண்டு வாரம் வீணாக்கியவன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது 3018 என்கிற சின்ன மெஷின் மாதிரி யுஎஸ்பி போர்ட் வைத்த போர்டோடு வந்தது என்றால் அந்த போர்டுக்குள் பெரும்பாலும் ஜிஆர்பிஎல் (GRBL) என்ற புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டாருக்கான துடிப்புகளை அந்த போர்டே பார்த்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் வரிவரியாக ஜி-கோட், அதாவது எங்கே எந்த வேகத்தில் நகர வேண்டும் என்ற கட்டளைகளை, அனுப்பினால் போதும், எந்தப் பழைய லேப்டாப்பும் அதைச் செய்யும். லினக்ஸில் போர்ட்டைத் திறக்க அனுமதியில்லை என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். உபுண்டு 22.04-இல் போர்ட்டே காணாமல் போனால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் (brltty) என்ற புரோகிராம் அதைப் பிடித்துவைத்திருக்கும், அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். உங்கள் கதை இத்தோடு முடிந்தது. மீதி எல்லாம் லினக்ஸ்சிஎன்சி ஓட்டுபவர்களுக்கு.

லினக்ஸ்சிஎன்சியில் தனி போர்டு எதுவும் யோசிப்பதில்லை. மோட்டார் ஓர் அடி (ஸ்டெப்) நகர ஒரு துடிப்பு வேண்டும், அந்தத் துடிப்பை உங்கள் சிபியுவே பேரலல் போர்ட்டின் பின்னில் ஏற்றி இறக்குகிறது, விநாடிக்கு ஆயிரக்கணக்கில். அதனால் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை, சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்பதுதான் விஷயம். மின்சாரம் மிச்சம் பிடிக்க அடிக்கடி கண்ணயர்கிற புது லேப்டாப்பை விட, ஒரு அலுவலகத்தில் தூக்கிப் போட இருந்த என் கோர் 2 டுவோ டெஸ்க்டாப் இதற்கு மேல். 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்எஸ்டி, அவ்வளவுதான் செலவு.

லினக்ஸ்சிஎன்சி தளத்திலேயே டெபியனோடு சேர்த்த ஐஎஸ்ஓ கிடைக்கும், ரியல்டைம் கெர்னல், அதாவது நேரம் தவறாமல் வேலை செய்கிற லினக்ஸ் மையப் பகுதி, அதற்குள்ளேயே வரும். பென்டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் லைவாகவே பூட் செய்யுங்கள், ஏனென்றால் இந்தக் கம்ப்யூட்டர் தேறுமா என்று முதலில் தெரிய வேண்டும். (பழைய கையேடுகளில் ஈஎம்சி2 என்று வந்தால் குழம்ப வேண்டாம், இதற்கே முன்னால் வைத்திருந்த பெயர் அது.)

மெனுவில் லேட்டன்சி டெஸ்ட் இருக்கும், கம்ப்யூட்டர் சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்று அளப்பது அதுதான். திறந்துவிட்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் எண் அழகாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். விண்டோக்களை இழுத்தடியுங்கள், பெரிய ஃபைலைக் காப்பி செய்யுங்கள், ஒரு வீடியோவை ஓடவிடுங்கள், கால் மணி நேரமாவது படுத்தியெடுங்கள். அப்புறம் பேஸ் த்ரெட் (துடிப்புகளை அனுப்புகிற பகுதி) வரியில் மேக்ஸ் ஜிட்டர், அதாவது அதிகபட்சம் நேரம் எவ்வளவு தவறியது, என்று பாருங்கள். எண் நானோவிநாடியில் இருக்கும். 20,000-க்குள் என்றால் அருமை, 30,000 முதல் 50,000 வரை என்றால் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஓட்டலாம், 1,00,000-ஐத் தாண்டினால் இந்த முறைக்கு ஆகாது.

எண் மோசமாக வந்தால் உடனே கம்ப்யூட்டரைத் திட்ட வேண்டாம், பயாஸுக்குள் போங்கள். ஹைப்பர்த்ரெடிங் ஆஃப், ஸ்பீட்ஸ்டெப், சி-ஸ்டேட் என்று மின்சேமிப்பு சம்பந்தப்பட்டது எல்லாம் ஆஃப், தேவையில்லை என்றால் ஆடியோவும் ஆஃப். ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஓட்டுங்கள், மொத்தமாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. இரண்டு கோர் உள்ள சிபியு என்றால், பூட் வரியில் ஐசோல்சிபியூஸ் (isolcpus) என்ற அமைப்பைச் சேர்த்து ஒரு கோரை ரியல்டைம் வேலைக்கென்றே ஒதுக்கலாம். எனக்கு அதிகம் உதவியது இதுதான். யுஎஸ்பி வைஃபை டாங்கிளையும் கழற்றிவிட்டேன், ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. என் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகரும், மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 அடி, டிரைவரில் (துடிப்பை வாங்கி மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது) எட்டில் ஒரு பங்கு மைக்ரோஸ்டெப் வைத்திருக்கிறேன், அதாவது ஒவ்வோர் அடியும் எட்டாகப் பிரியும். ஆக சுற்றுக்கு 1600 துடிப்பு, மில்லிமீட்டருக்கு 320. நிமிடத்துக்கு 1500 மிமீ வேகத்தில் ஓட விநாடிக்கு 8000 துடிப்பு வேண்டும், பழைய சிபியு அதைத் தாங்கும். துல்லியம் கூடும் என்று நினைத்துப் பதினாறில் ஒரு பங்குக்குப் போனால் அதே வேகத்துக்கு 16,000 ஆகிவிடும். மரமும் அக்ரிலிக்கும் வெட்டுகிற மெஷினுக்கு அந்தக் கூடுதல் நுணுக்கத்தால் பெரிய பலனில்லை, எட்டிலேயே நில்லுங்கள்.

வயரிங்கில் நேராக போர்ட்டிலிருந்து டிரைவருக்கு இழுக்க வேண்டாம், நடுவில் பிரேக்அவுட் போர்டு, அதாவது போர்ட்டின் பின்களைத் தனித்தனி வயர் இணைப்புகளாகப் பிரித்துத் தரும் போர்டு, ஒன்று போடுங்கள், சிக்னலை ஒளியால் கடத்தி இரண்டு பக்க மின்சாரத்தையும் பிரித்துவைக்கும் ஆப்டோகப்ளர் அதில் இருக்க வேண்டும், ஷார்ட் ஆனால் போவது மதர்போர்டாக இருக்கக் கூடாது. போர்ட்டில் வெளியே அனுப்ப 12 பின், உள்ளே வாங்க 5 பின், அதாவது 10, 11, 12, 13, 15. மூன்று அச்சுக்குத் தாராளம். பயாஸில் போர்ட்டை ஈபிபி (EPP) மோடில் வையுங்கள். டிரைவருக்குப் பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றினால் டிரைவர் புகைந்துவிடலாம், ஒரே ஒருமுறை என்றாலும்.

கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது பேரலல் பின்கள் தன்னிஷ்டத்துக்கு ஏறி இறங்கும். ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ரிலேயை அதில் மாட்டியிருந்தால் நீங்கள் கிளாம்ப் முடுக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பிண்டில் சுற்றத் தொடங்கலாம். எனக்கு அது நடந்தது, விரல் தப்பியது நல்ல நேரம். ஆகவே கம்ப்யூட்டர் முழுசாக எழுந்து லினக்ஸ்சிஎன்சி திறந்த பிறகுதான் டிரைவருக்கும் ஸ்பிண்டிலுக்கும் பவர், அணைக்கும்போது அந்த இரண்டும் முதலில். எமர்ஜென்சி பட்டன் சாஃப்ட்வேருக்குச் செய்தி சொல்வதோடு நிற்கக் கூடாது, ஸ்பிண்டில் பவரை நேரடியாக வெட்ட வேண்டும்.

அடுத்து ஸ்டெப்கான்ஃப், லினக்ஸ்சிஎன்சியோடு வருகிற அமைப்பு புரோகிராம். கேள்வி கேட்டுக்கொண்டே வரும், ஜிட்டர் எண்ணையும் ஸ்க்ரூ கணக்கையும் கொடுத்தால் கான்ஃபிகரேஷனை அதுவே எழுதிவிடும். கவனம் வேண்டிய இடம் டிரைவர் டைமிங், அதாவது துடிப்புக்கும் திசை மாற்றத்துக்கும் டிரைவருக்குத் தேவைப்படும் நேரம். டிரைவரின் தாளில் உள்ளதை விடக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள். திசை மாறும்போது கொடுக்கிற இடைவெளி போதாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அடி தொலையும். பத்து நிமிடம் நன்றாக வெட்டிவிட்டுப் பதினோராவது நிமிடம் டிசைன் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும், நீங்கள் மோட்டாரைச் சந்தேகப்படுவீர்கள். ஸ்டெப் பின்னை இன்வர்ட் செய்து பார்ப்பதும் சில சமயம் இதைச் சரிசெய்யும்.

இதைப் பிடிக்க, சின்ன நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்று போதும். முள்ளைச் சுழியத்தில் வைத்து, அச்சை 100 மிமீ போய்த் திரும்ப வைத்து, ஐம்பது தடவை ஓட்டுங்கள். முள் அதே இடத்துக்கு வரவில்லையென்றால் ஆக்சிலரேஷனைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் டைமிங், அதுக்கும் பிறகுதான் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு லூசா என்பது. திரையில் எதிர்பாராத ரியல்டைம் தாமதம் என்ற எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம், ஒரு முறை திறந்தால் ஒரு தடவை மட்டுமே அது காட்டும், அப்புறம் பிரச்சினை தொடர்ந்தாலும் வாய் திறக்காது.

வரைவதையும் ஜி-கோட் எடுப்பதையும் வேறு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். வரைவதற்கான ஃப்ரீகேட் சாஃப்ட்வேரில் லினக்ஸ்சிஎன்சிக்கான போஸ்ட், அதாவது அதற்கேற்ற ஜி-கோடை எழுதித் தரும் பகுதி, இருக்கிறது. முதல் ஓட்டம் எப்போதும் காற்றில், அதாவது சுழியத்தைப் பலகைக்கு 20 மிமீ மேலே வைத்து. எனக்கு முதலில் வெட்டிய சதுரத்தின் மூலைகள் எல்லாம் உருண்டு வந்தன, பிட் தேய்ந்துவிட்டது என்று புதுசு வாங்கினேன், அதுவும் உருண்டது. கடைசியில் பார்த்தால் ஜி64 கட்டளை எல்லை எதுவும் சொல்லாமல் நின்றிருந்தது. அப்படி விட்டால் வேகம் குறையாமலிருக்க அது மூலையை வளைத்துக்கொண்டு போகும். பக்கத்திலேயே பி0.02 சேர்த்தேன், 0.02 மிமீக்கு மேல் விலகாதே என்று அர்த்தம். பழைய பிட்டையே மாட்டி வெட்டினேன், மூலை கூராக வந்தது. புது பிட் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.