வரைவுத் தரநிலையை மென்பொருளில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தரநிலை இறுதியாகும்வரை அதைத் தொடக்கூடாது என்று திறந்த மூலத் திட்டங்களில் வாதிடுபவர்கள் உண்டு. இது எனக்கு உடன்பாடில்லை; யாரும் நிரலாக எழுதிப் பார்க்காத வரைவின் ஓட்டைகள் இறுதி ஆவணத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். சேர்த்ததைப் பின்னால் கழற்ற வழி வைக்காமல் விடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில், எந்த வரைவை எடுக்கிறோம் என்றே பலர் பார்ப்பதில்லை. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் யார் வேண்டுமானாலும் வரைவு சமர்ப்பிக்கலாம். கோப்பின் பெயரில் 'டிராஃப்ட்' என்பதை அடுத்து 'ஐஇடிஎஃப்' என்று வந்தால் அது பணிக்குழு ஏற்றுக்கொண்டது. ஆசிரியரின் பெயர் வந்தால் பெரும்பாலும் அவருடைய முன்மொழிவு மட்டுமே. புதுப்பிக்காவிட்டால் வரைவு ஆறு மாதத்தில் காலாவதியாகும் என்பதால், திருத்த எண்ணைக் குறிக்காமல் "வரைவை ஆதரிக்கிறோம்" என்று ஆவணத்தில் எழுதுவது அடுத்த ஆண்டே பொருளற்றதாகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, இறுதித் தரநிலைக்கு உரிய பெயரையோ எண்ணையோ வரைவுக்கு இப்போதே சூட்டிவிடுவது. இணைய இணைப்புகளை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறை 28 வரைவுகளைக் கடந்து 2018 ஆகஸ்டில்தான் ஆர்எஃப்சி 8446 ஆக, அதாவது ஐஇடிஎஃப்பின் இறுதி ஆவணமாக, வெளிவந்தது. அதுவரை சோதித்தவர்கள், இறுதிப் பதிப்புக்கென ஒதுக்கப்பட்ட 0304 என்ற எண்ணைத் தொடாமல், வரைவு 23-க்கு 7எஃப்17 என்பதுபோல ஒவ்வொரு வரைவுக்கும் தனிப் பதினாறடிமான எண்ணை அனுப்பினார்கள். டிஎல்எஸ்ஸைச் செயல்படுத்தும் திறந்த மூல நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் குழுவும் தன் 1.1.1 வெளியீட்டை ஆர்எஃப்சி வரும்வரை நிறுத்திவைத்து, 2018 செப்டம்பரில் வெளியிட்டது.

எண்ணைப் பிரித்து வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை, இணைப்பின் இரு பக்கமும் ஒரே ரகசியத்தை உருவாக்கிக்கொள்ள உதவும் கைபர் என்ற குறியாக்க முறை நன்றாகக் காட்டுகிறது. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் அதைத் திருத்தி, 2024 ஆகஸ்டில் எம்எல்-கெம் என்ற பெயரில் இறுதியாக்கியது. கைபர் 768-இன் பொதுத் திறவுகோல் 1184 பைட், மறையுரை 1088 பைட். எம்எல்-கெம் 768-இலும் அதே அளவுகள்தான். ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்தால் நீளச் சோதனை சத்தமில்லாமல் தேறிவிடும். இரு பக்கமும் கணக்கிடும் ரகசியம் மட்டும் பொருந்தாது. கைபரை வழக்கமான திறவுகோல் பரிமாற்றத்தோடு சேர்த்த பழைய கலப்பு முறைக்கு 6399, எம்எல்-கெம்மைச் சேர்த்த புதியதற்கு 11இசி என்று வேறு வேறு எண்கள் இருந்ததால்தான், குரோம் 131-இல் கைபரை எடுத்துவிட்டு எம்எல்-கெம்முக்கு மாற முடிந்தது.

இதே காரணத்தால், நாமே எழுதிய கிளையன்டை நாமே எழுதிய சர்வரோடு மட்டும் பேசவிட்டுத் திருப்தியடைவதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். வரைவின் ஒரு வாக்கியத்தை நாம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்யும், சோதனைகள் எல்லாம் பச்சையாக ஒளிரும். வேறொருவர் எழுதிய நிரலோடு ஒருமுறையாவது இணைத்துப் பார்க்க வேண்டும். அப்போது தெரியவரும் குழப்பத்தைப் பணிக்குழுவுக்குத் தெரிவிப்பதும் திட்டத்தின் கடமையே.

வரைவு வசதியை எல்லாருக்கும் இயல்பாகத் திறந்துவிடுவது அடுத்த தவறு. உலாவியும் சர்வரும் இடைவிடாமல் பேச உதவும் வெப்சாக்கெட்டின் ஆரம்ப வரைவைப் பயன்படுத்தி, இடையிலுள்ள சில பிராக்ஸிகளின் (போக்குவரத்தைக் கடத்தும் இடைநிலைச் சர்வர்களின்) தற்காலிகச் சேமிப்பில் போலிக் கோப்பை நுழைக்க முடியும் என்று 2010-இல் தெரியவந்தபோது, ஃபயர்ஃபாக்ஸ் 4 அந்த வசதியை முடக்கியது. பின்னர் ஃபயர்ஃபாக்ஸ் 6-இல் திருத்திய வரைவை மீண்டும் கொண்டுவந்தபோது 'மாஸ்வெப்சாக்கெட்' என்று பெயரையே மாற்றி வைத்தார்கள்.

இணைப்பு அறுந்தால் மறுபடி இணைத்துக்கொள்ளலாம், ஆனால் வரைவு வடிவத்தில் வட்டில் எழுதிய தரவு அடுத்த பதிப்பிலும் அங்கேயே கிடக்கும். அதனால் கோப்பின் தலைப்பிலேயே வரைவு எண்ணைப் பதிப்பதும், எந்த வெளியீட்டில் பழைய வரைவு நீக்கப்படும் என்பதை முதல் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவிடுவதும் நல்லது. சேர்த்த பிறகு அந்தத் தேதியைக் குறிக்கப் போனால், யாரோ ஒரு பயனர் அதை நம்பித் தன் சேவையை ஓட்டிக்கொண்டிருப்பார்.