வேறு நாட்டில் வாங்கிய மின்சாதனங்களைச் சிங்கப்பூரில் என்ன செய்வது?

கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்ததும், எதை விற்கலாம், எதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், ஒவ்வொரு சாதனத்திலும் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படித்துவிடுங்கள். அதில் குறித்திருக்கும் மின்னழுத்தமும் (வோல்ட்) அலைவெண்ணும் (ஹெர்ட்ஸ்) இங்கே பொருந்துமா என்று பாருங்கள். சிங்கப்பூரின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் அதுவே என்பதால், கோயம்புத்தூரில் வாங்கிய கிரைண்டருக்கு இங்கே பிளக் ஒன்றுதான் பொருந்தாது. தட்டை முனைகள் மூன்று கொண்ட 13 ஆம்பியர் பிளக்கை ஓர் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிக்கொண்டால் போதும். அத்தகைய கிரைண்டரை அவசரப்பட்டு எறிய வேண்டாம். உங்களுக்கு வேண்டாமென்றாலும், வீட்டிலேயே மாவு அரைக்கும் தமிழ்க் குடும்பம் ஏதேனும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருபவர்களின் நிலை வேறு. அங்கே 120 அல்லது 100 வோல்ட்டுக்கென்று மட்டும் செய்யப்பட்ட மிக்சியை இங்கே நேரடியாக இணைத்தால் அது கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம் என்றாலும் அது ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே 60 ஹெர்ட்ஸுக்கான சில வகை மோட்டார்கள் மெதுவாகச் சுழன்று சூடேறலாம். விலை உயர்ந்தது என்பதற்காக இத்தகைய சாதனத்தை இன்னொருவர் தலையில் கட்டுவது தானமாகாது. மடிக்கணினி, கைப்பேசி சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

கழிப்பதென்று முடிவுசெய்தால், குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு எளிய வழி உண்டு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மின்கழிவுத் திட்டம் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, புதியதை வீட்டில் கொண்டுவந்து தரும் கடைக்காரர் அதே வகைப் பழைய சாதனத்தை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும். வாங்கும்போதே சொல்லிவைப்பது நல்லது. புதிதாக எதுவும் வாங்காத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் குடியிருப்பாளர்கள், பெரிய பொருள்களை அகற்றுவதற்குத் தங்கள் நகர மன்றத்தை அழைத்து நாள் குறித்துக்கொள்ளலாம்.

மிக்சி, ரைஸ் குக்கர், மின்விசிறி போன்றவை அத்திட்டத்தின் பட்டியலில் இல்லை; எனவே பொது இடங்களிலுள்ள மின்கழிவுப் பெட்டிகளில் அவற்றைப் போடாதீர்கள். புளோக்குகளைச் சுற்றிவரும் காராங் குனிக்காரர் (பழைய பொருள் சேகரிப்பவர்) உலோகத்துக்காக எடுத்துக்கொள்வதுண்டு. யாராவது வருவார்கள் என்று தாழ்வாரத்தில் அடுக்கிவைப்பது மட்டும் கூடாது; தீ விபத்தின்போது அதுவே அனைவரும் வெளியேறும் வழி என்பதால் அங்கே 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். கழற்றக்கூடிய லித்தியம் மின்கலங்களைக் குப்பையில் சேர்க்காமல், அவற்றை ஏற்கும் மின்கழிவுப் பெட்டியில் தனியே போடுங்கள்.