ஃபினாலே நின்றுபோச்சு: பழைய ஸ்கோர்களைக் காப்பாற்றுவது எப்படி?

1988இல் வந்த ஃபினாலே என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை, விற்கப்போவதும் இல்லை என்று மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று அறிவித்தது. ஓராண்டுக்குப் பிறகு புதுக் கணினியில் ஆத்தரைஸ் செய்யவே (உரிமத்தை இணையத்தில் பதிந்து திறக்கவே) முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். பயனர்கள் கொந்தளித்ததும் அதை மாற்றி, ஆத்தரைசேஷன் காலவரையின்றித் தொடரும் என்றார்கள். நல்லதுதான். ஆனாலும் நாம் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைத் திறக்கும் சாவி இன்னொருவர் சர்வரில் இருக்கிறது. அதனால் ஃபினாலே ஓடும்போதே வேலையை முடித்துவிடுங்கள்.

படி 1: ஸ்கோர்கள் (இசைக்குறிப்புக் கோப்புகள்) இருக்கும் ஃபோல்டரை அப்படியே பிரதி எடுங்கள். இனி எல்லாம் பிரதியில்தான்.

படி 2: ஒவ்வொரு ஸ்கோரையும் பிடிஎஃப் ஆக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பிற்பாடு சரிபார்க்க வேறு சாட்சி கிடையாது.

படி 3: தமிழ்ப் பாடல் வரிகள் இருந்தால் இங்கே நிதானியுங்கள். ஃபினாலே 2012 பதிப்புக்கு முன்பு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு) கிடையாது. பாமினி மாதிரி எழுத்துருவில்தான் தட்டியிருப்போம். கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. வேறு மென்பொருளில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும்.

லிரிக்ஸ் விண்டோவைத் திறந்து மொத்த வரிகளையும் நகலெடுத்து, பாமினி–யூனிகோட் மாற்றியில் போட்டு, திரும்ப அங்கேயே ஒட்டுங்கள். அசைகளை ஃபினாலே வரிசை எண்படிதான் ஸ்வரங்களோடு கோத்து வைக்கிறது. ஆகவே ஹைஃபன், இடைவெளி ஒன்றுகூட நகரக் கூடாது; நகர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள பாட்டு முழுக்க ஓர் அசை தள்ளிப்போகும். முதலில் ஒரே ஒரு பாட்டில் செய்து பாருங்கள்.

படி 4: ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் மியூசிக்எக்ஸ்எம்எல் (இசை மென்பொருள்கள் பலவும் படிக்கும் பொதுக் கோப்பு வடிவம்) தேர்ந்தெடுங்கள். ஃபோல்டர் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றும் வசதியும் இருக்கிறது. பதிப்பு 27 வைத்திருந்தால் அதிலிருந்தே செய்யுங்கள்.

படி 5: புது வீடு, அதாவது வேறு இசைக்குறிப்பு மென்பொருள், தேடுங்கள். மியூஸ்ஸ்கோர் இலவசம், ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருவது. அதைத் திறக்க யாரிடமும் சாவி கேட்க வேண்டாம். அதோடு சேர்த்து இறக்கும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளுக்கு மட்டும் உரிமம் வேறு. ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் டோரிக்கோ ப்ரோவை ஃபினாலே வைத்திருந்தவர்களுக்கு 149 டாலருக்குத் தர முன்வந்தார்கள். அதை ஒரே நேரத்தில் மூன்று கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். முன்பு இருந்த யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்காகச் செருகும் சிறு கருவி) தொல்லை 2022இல் டோரிக்கோ 4 வந்தபோதே ஒழிந்தது. புதிதாகத் தொடங்குபவர் என்றால் மியூஸ்ஸ்கோரே போதும் என்பேன்.

படி 6: மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பைப் புது மென்பொருளில் திறந்து, பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து பார் பாராக ஒப்பிடுங்கள். ஸ்வரம், தாளம், கார்டு எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக வரும். பக்க அமைப்பும், கையால் இழுத்து வரைந்த கோடுகளும் வராது. ஃபினாலேவில் நாம் செய்த குறுக்குவழிகள், உதாரணமாக வேறொரு லேயரில் (அடுக்கில்) ஒளித்துவைத்த ரெஸ்ட்டுகள் (மௌனக் குறிகள்), வெளியே வந்து பல்லிளிக்கும். அப்புறம் அவற்றை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதுதான்.

பழைய கணினியை விற்பதாக இருந்தால் முதலில் ஃபினாலேவை டீ-ஆத்தரைஸ் செய்துவிடுங்கள். உரிமம் இரண்டு கணினிகளுக்குத்தான்.