மழை ஊரில் கத்திகளைப் பாதுகாப்பது

பர்மாவின் மோல்மீனில் வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசி பிறந்த பிறகுதான் விடும். சராசரியாக வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. ஆடி மாதம் பீரோவில் மடித்து வைத்த வேட்டி பூசணம் பூத்துவிடும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். இந்த ஊரில், ஆற்றங்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு வீட்டில், நான் 23 கத்திகள் வைத்திருக்கிறேன். தையல்தான் தொழில். தாத்தா நெல்லறுத்த அரிவாளில் தொடங்கிய சேர்ப்பு இது. இப்போது பர்மியத் தா, அதாவது வாள் மாதிரி நீண்ட கத்தி, நான்கு, கச்சின் மலைமக்களின் தா ஒன்று, வளைந்த அலகுள்ள பழைய கூர்க்கா குக்ரி, பாக்குவெட்டி இரண்டு, மீதி மடக்குக் கத்தியும் சமையல் கத்தியும்.

கத்தியை உறையில் போட்டு வைக்காதீர்கள். இதைத்தான் முதலில் சொல்வேன். உறை என்பது கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு போவதற்கு. வீட்டில் வைப்பதற்கு அல்ல.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு நல்ல தாவைக் கெடுத்துக்கொண்டு. வெள்ளிப் பட்டை சுற்றிய மர உறையோடு வந்தது அது. பத்திரமாக இருக்கட்டும் என்று உறையோடு செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, டிரங்குப் பெட்டியில் வைத்தேன். நாலு மாதம் தொடவில்லை. ஆயுத பூசைக்கு எடுத்தால் உறையிலிருந்து வரமாட்டேன் என்கிறது. ஆட்டி ஆட்டி இழுத்தபோது மரச் சிலாம்பு ஒட்டிக்கொண்டு, செங்கல் பொடி மாதிரித் துருவோடு அலகு வெளியே வந்தது. முதுகை ஒட்டி கடுகு கடுகாகப் பள்ளம். துருவை எடுத்தேன், பள்ளத்தை எடுக்க முடியவில்லை. இன்றைக்கும் விரல் வைத்தால் தட்டுப்படும்.

மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டியே இருக்கும். செய்தித்தாளும் அப்படித்தான், அதில் அமிலமும் உண்டு. பிளாஸ்டிக் பை உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. தோல் உறை இன்னும் மோசம். பதப்படுத்தியபோது ஏறிய உப்பும் அமிலமும் தோலில் தங்கியிருக்கும், பித்தளைப் பூண் தோலைத் தொடுகிற இடத்திலெல்லாம் பச்சைக் களிம்பு பிடிக்கும். என் குக்ரியின் உறை தனியாகத்தான் இருக்கிறது. மர உறைகளுக்குள் மூங்கில் பத்தை ஒன்றைச் சீவிச் செருகியிருக்கிறேன், கோணிக்கொள்ளாமல் இருக்க. எந்த உறை எந்தக் கத்திக்கு என்று நூலில் கட்டிய துணித் துண்டில் எழுதிவிடுங்கள். கச்சின் தாவின் உறையில் ஒரு பக்கம் திறந்தே இருக்கும், அலகு வெளியே தெரியும். மழைக்காட்டுக்காரர்கள் செய்த உறை, காற்றோட்டம் உண்டு. ஆனாலும் அதையும் கழற்றித்தான் வைக்கிறேன்.

அடுத்தது காற்றிலிருக்கும் ஈரம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். ஆடியில் என் வீட்டுக் கூடத்தில் 90-ஐத் தொடுகிறது. ஈரம் உறிஞ்சும் மின்சாரக் கருவியை இங்கே நம்ப முடியாது, கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் நம்புவது இறுக மூடுகிற பெட்டியையும், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகளையும். சிலிக்கோன் வளையம் வைத்த பெரிய பெட்டி ஒன்றுக்கு அரைக் கிலோ ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுகிறேன். பக்கத்தில் சின்ன ஈரமானி. 45-லிருந்து 50-க்குள் நின்றால் நிம்மதி. 40-க்குக் கீழே விடாதீர்கள், எலும்புப் பிடியும் தந்தப் பிடியும் வெடித்துவிடும்.

ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும். அப்போது பழைய வாணலியில் கொட்டி, கரியடுப்பில் சின்னத் தணலில், ரவை வறுக்கிற மாதிரிக் கிளறிக்கொண்டே இருந்தால் நிறம் திரும்பும். சூடு 120 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், அவசரப்பட்டால் மணி வெடிக்கும். நீல ஜெல் வாங்காதீர்கள், அதில் கோபால்ட் இருக்கிறது, வீட்டில் வறுக்கிற பொருள் அல்ல. பீரோவில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பையையும் கத்திப் பக்கம் சேர்க்காதீர்கள். அது குடித்த ஈரம் உப்புத் தண்ணீராக அடியில் தேங்கும், ஒரு சொட்டு ஒழுகினாலும் அலகு போச்சு.

எண்ணெயைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி வாதாடுவேன். தேங்காய் எண்ணெய் காறிப்போகும். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். என் கடையில் எப்போதும் இருக்கிற தையல் மிஷின் எண்ணெய் போதும். சமையல் கத்திக்கு மட்டும் மருந்துக் கடை லிக்விட் பாராஃபின். பழைய வேட்டியில் உள்ளங்கை அகலம் கிழித்து நாலாக மடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பிரிட் தொட்டுப் பழைய எண்ணெயையும் கைரேகையையும் துடைக்க வேண்டும். வியர்வை உப்பு சாதாரணமானதல்ல, ஒரு மடக்குக் கத்தியில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருக்கிறது. பிறகு இரண்டு சொட்டு எண்ணெய். வாய் வெளிப்பக்கம் பார்த்திருக்க, துணியை முதுகுப் பக்கமிருந்து பிடித்து, பிடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. திரும்பி வரக் கூடாது. விளக்கில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய மினுக்கம் மட்டும் தெரிய வேண்டும். சொட்டாகத் திரண்டால் அதிகம், தூசி பிடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பனிக்காலத்தில் மாதம் ஒருமுறை.

தாவின் வாலை, அதாவது பிடிக்குள் நுழைகிற அலகின் அடிப்பகுதியை, பெரும்பாலும் அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். வெந்நீரில் கழுவினாலோ அடுப்பருகே வைத்தாலோ பிடி கழன்றுவிடும்.

பழைய மடக்குக் கத்திகளில் ஆமை ஓடு மாதிரிப் பளபளக்கும் செல்லுலாய்டு (பழைய காலத்துப் பிளாஸ்டிக்) பிடி இருந்தால் தனியாகப் பிரித்துவிடுங்கள். அது கெடத் தொடங்கினால் அமில ஆவி விடும், அதே பெட்டியில் இருக்கிற நல்ல கத்திகளும் சேர்ந்து துருப்பிடிக்கும். தீயும் சட்டென்று பிடிக்கும். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதைக் காற்றாடும் அட்டைப் பெட்டியில், அடுப்பங்கரைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

துரு வந்துவிட்டால்? எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி. கத்தியில் காலத்தால் படிந்த கறுப்புத்தான் இரும்புக்குக் கவசம், புளி அதையும் தின்றுவிடும். உப்புத்தாள் தொடவே தொடாதீர்கள், தாவின் அலகில் வெள்ளி இழைத்த வேலைப்பாடு இருந்தால் இரண்டு தேய்ப்பில் காணாமல் போகும்.

பெட்டிகள் தேக்கு அலமாரியில், பூட்டி, சாவி என் அரைஞாணில். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு.

கடைசியாக ஆயுத பூசை. சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு ராத்திரி முழுக்க அலகில் இருந்தால் விஜயதசமி காலையில் பொட்டுக்கு அடியில் ஆரஞ்சு வட்டம் விழுந்திருக்கும். தாத்தாவின் அரிவாளில் அப்படி மூன்று வட்டம் இருக்கிறது. இப்போது பூசைக்கு முந்தின நாள் எண்ணெயைக் கொஞ்சம் கனமாகவே தடவி, வாழையிலையில் துணி விரித்துப் பரப்பி, பொட்டைப் பிடியின் மரத்தில் மட்டும் வைக்கச் சொல்கிறேன். முதல் வருஷம் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வாயில பொட்டு வைக்காம என்னடா பூசை?" என்றாள். "பிடி இல்லாம எந்தக் கத்திம்மா வெட்டும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு குங்குமத்தைத் தொட்டு, தாத்தா கை பட்டுத் தேய்ந்து குழிந்த இடம் பார்த்து வைத்தாள்.