எண்ணெய் பாக்கெட்டில் கிராமைப் பாருங்கள்

தாம்பரம், மேடவாக்கம், ஆவடி என்று சென்னையின் எந்தப் புறநகருக்குப் போனாலும் அண்ணாச்சி கடை, எதிரிலேயே சூப்பர் மார்க்கெட், கொஞ்சம் தள்ளி டிமார்ட். போதாததற்கு, பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப். இவர்கள் போட்டியால் நமக்கு லாபம்தான், ஒப்பிடத் தெரிந்தால்.

'எம்.ஆர்.பி.யில் இத்தனை ரூபாய் குறைவு' என்ற அட்டையை விட்டுவிடுங்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'யூ.எஸ்.பி.' என்று ஒரு விலை இருக்கும்: ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ எவ்வளவு என்பது. அதுவும் எம்.ஆர்.பி. கணக்குதான். அதனால் தள்ளுபடி இருந்தால், கடை விலையை எடையால் நீங்களே வகுத்துவிடுங்கள்.

சமையல் எண்ணெயில்தான் இது அதிகம் உதவும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் பாக்கெட்டுகள் 850, 800 கிராமிலும் வருகின்றன. 910 கிராம் 150 ரூபாய், 800 கிராம் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மலிவாகத் தெரிகிற இரண்டாவதுதான் கிலோவுக்குச் சுமார் 10 ரூபாய் கூடுதல்!

ஆப் என்றால் டெலிவரி, கையாளும் கட்டணங்களையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ரவை, மைதாவை மலிவு என்று மொத்தமாக வாங்கினால் வண்டுக்குத்தான் விருந்து. அவற்றை அண்ணாச்சி கடையில் அரைக் கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள். சோப்பு, சலவைத்தூளை மட்டும் பெரிய கடையில் மொத்தமாக எடுக்கலாம்.